தியேகோ என்றால் என்ன அர்த்தம்?

போன மாதம் திருச்சியிலிருந்து சித்தி வாட்சப்பில் ஒரு சுட்டி அனுப்பியிருந்தார். ஆண் குழந்தைகளுக்கான ஸ்பானியப் பெயர்கள், பக்கத்திலேயே பொருள். கூடவே ஒரு குரல் செய்தி: "தம்பி, இதுல தியேகோன்னா 'அடுத்தவன் இடத்தைப் பறிக்கிறவன்'னு போட்டிருக்கு. நீதான் இதெல்லாம் தோண்டுற ஆளாச்சே, நெசமான்னு பாத்துச் சொல்லு."

விஷயம் இதுதான். சித்தி மகள் இருப்பது வாலென்சியாவில், மாப்பிள்ளை ஸ்பானியர். அவருடைய அப்பா போன வருடம் இறந்துபோனார். அவர் பெயர் தியேகோ. பிறக்கப்போகும் பையனுக்கு அந்தப் பெயரை வைக்க வேண்டும் என்பது மாப்பிள்ளையின் ஆசை. சித்தி பட்டியலைப் பார்த்துவிட்டு முடியாது என்கிறார். அம்மாவும் மகளும் இரண்டு வாரமாகப் பேசிக்கொள்ளவில்லை.

சரி என்று உட்கார்ந்து அந்த மாதிரிப் பட்டியல்கள் ஏழெட்டைத் திறந்து பார்த்தேன். ஒரே பிழை ஒரே சொற்களில் எல்லாவற்றிலும் இருக்கிறது. யாரோ ஒருவர் எழுதியதை மற்றவர்கள் காப்பி பேஸ்ட் செய்திருக்கிறார்கள். அதைவிடப் பெரிய கோளாறு அட்டவணையின் வடிவமைப்பிலேயே இருக்கிறது. டேட்டாபேஸ் வேலை செய்தவர்களுக்குச் சட்டென்று புரியும்: 'பொருள்' என்ற கட்டத்தைக் காலியாக விட இவர்களுக்கு அனுமதி இல்லை. தெரியாவிட்டாலும் எதையாவது போட்டே ஆகவேண்டும்.

அந்தோனியோவை எடுத்துக்கொள்ளுங்கள். 'விலைமதிப்பற்றவன்' என்கிறது ஒரு பட்டியல், 'மலர்' என்கிறது இன்னொன்று. அது அந்தோனியுஸ் என்ற பழைய ரோமானியக் குடும்பப் பெயர். அதன் மூலப்பொருள் தெரியாது என்பதுதான் நேர்மையான பதில். மலர் எங்கிருந்து வந்தது? கிரேக்கத்தில் பூவுக்கு 'அந்தோஸ்' என்று பெயர். காதுக்கு ஒரே மாதிரி ஒலித்ததால் ஒட்டவைத்துவிட்டார்கள்.

இஞ்ஞிகோ இன்னும் மோசம். 'நெருப்பு' என்று போட்டிருக்கிறார்கள். இயேசு சபையைத் தொடங்கிய லொயோலா இஞ்ஞாசியாரின் இயற்பெயர் இஞ்ஞிகோ. பிற்பாடுதான் இக்னாசியோ என்று தன்னை அழைத்துக்கொண்டார். இக்னாசியோவுக்கு லத்தீனில் நெருப்பைக் குறிக்கும் 'இக்னிஸ்' என்ற சொல்லோடு ஒலி ஒற்றுமை உண்டு. ஆனால் இஞ்ஞிகோ வேறு பெயர். பாஸ்க் மொழியின் எனெகோவிலிருந்து வந்தது. 'என் குட்டி' என்பதுபோலப் பொருள் சொல்கிறார்கள். ஒரே ஆள் இரண்டு பெயர் வைத்திருந்தார் என்பதற்காக இரண்டும் ஒரே பெயராகிவிடுமா?

ஹவியேருக்கு 'புது வீடு' என்று சரியாகவே போட்டிருக்கிறார்கள். ஆனால் எந்த அப்பனும் பிள்ளைக்குப் புது வீடு என்று பெயர் வைப்பதில்லை. அது நவார்ராவில் இருக்கும் ஓர் ஊரின் பெயர். 1506-இல் அங்கே கோட்டையில் பிறந்த பிரான்சிஸ் புனிதரானதால் ஊர்ப்பெயர் ஆள்பெயராகிவிட்டது. 1542-இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்து சவேரியார் ஆனவரும் அவரேதான்.

இப்போது தியேகோ. பட்டியல்கள் போடும் கணக்கு இது: சந்தியாகோ என்பது சாந்த் + யாகோ, அதாவது புனித யாக்கோபு. மக்கள் அதை சான் + தியாகோ என்று தப்பாகப் பிரித்தார்கள், தியாகோ தியேகோ ஆனது. யாக்கோபு என்றால் 'பறிப்பவன்'. கணக்கு முடிந்தது!

முதல் படியே ஆட்டம் காண்கிறது. இடைக்கால லத்தீன் ஆவணங்களில் தியேகோவை 'திதாக்குஸ்' என்று எழுதினார்கள். அது தியாகோவிலிருந்து வந்த வடிவம்போல இல்லை, அதனால் வேர் எது என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். 'போதிப்பவன்' என்று கிரேக்கத்திலிருந்து பொருள் சொல்வதும் இந்தத் திதாக்குஸை வைத்துத்தான், அதுவும் ஊகம்.

சந்தியாகோ கணக்கே சரி என்று வைத்துக்கொண்டாலும், 'பறிப்பவன்' யார் வாயிலிருந்து வந்தது? ஆதியாகமத்தில் யாக்கோபு அண்ணன் ஏசாவின் குதிகாலைப் பிடித்துக்கொண்டு பிறக்கிறான். எபிரேயத்தில் குதிகாலைக் குறிக்கும் சொல்லோடு பெயர் அங்கே இணைக்கப்படுகிறது. பிறகு ஆசீர்வாதத்தைத் தம்பி ஏமாற்றி வாங்கியதும், ஏசா வயிறெரிந்து அதே பெயரை வைத்துச் சிலேடை பேசுகிறான். பங்காளிச் சண்டையில் ஒருவன் சொன்ன வசவை அகராதிப் பொருளாக்கினால் எப்படி? 'கடவுள் காக்கட்டும்' என்ற பொருளுள்ள பெயரின் சுருக்கமாக இருக்கலாம் என்று கருதும் ஆய்வாளர்கள் பலர்.

பெயரின் பொருளைத் தேடிப்போவதே வீண் என்று நான் சொல்லவில்லை. நம் ஊரில் அதை அழகாகச் செய்திருக்கிறார்கள். ஸ்பானியரின் பாப்லோ, லத்தீனில் பௌலுஸ், 'சிறியவர்'. பழைய தமிழ்க் கத்தோலிக்கர் அவரைச் சின்னப்பர் என்றார்கள். ஹுவான் என்ற யோவானின் எபிரேய மூலத்தில் கடவுளின் அருள் இருக்கிறது, அவர் அருளப்பர் ஆனார். வீரமாமுனிவர் தேம்பாவணியில் யோசேப்பை வளன் என்றார். எபிரேயத்தில் அது 'கூட்டித் தருதல்' என்ற வேர். மூலம் தெரிந்தவர்கள் பார்த்த வேலை இது.

சித்திக்கு இவ்வளவும் சொல்லவில்லை. போன் போட்டு ஒன்றே ஒன்று கேட்டேன்: "தாத்தா பேருக்கு என்ன அர்த்தம் சித்தி?" தாத்தா பெயர் பிச்சைமுத்து. அவருக்கு முன்னால் பிறந்த இரண்டு குழந்தைகள் தங்கவில்லை. மூன்றாவதாவது நிலைக்கட்டும் என்று பிச்சை என்று சேர்த்து வைத்த பெயர். வாலென்சியாவில் ஒரு சம்பந்தியம்மா தமிழ்ப் பெயர்ப் பட்டியலைத் திறந்து, பிச்சை என்றால் யாசகம் என்று படித்துவிட்டு, "இந்தப் பெயரா வேண்டவே வேண்டாம்" என்று சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்?

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"பேரன்னாலே தாத்தா பேரைத் தாங்குறவன்தானே சித்தி," என்றேன். "பெயரன்தான் பேரன் ஆச்சு. அந்த மனுஷன் பேரைத்தான் கேக்குறாங்க."

"அது சரிடா," என்றார். "ஆனா தியேகோன்னு என் வாயில நுழைய மாட்டேங்குதே. தியாகுன்னு கூப்பிட்டா தப்பா?"

தப்பே இல்லை என்றேன்.