பனி இல்லாத குளிர்கால ஓவியம்

குளிர்கால விலங்குகளை வரையுங்கள் என்றால் நம் மாணவர்களில் பலர் வெண்பனித் தரை, ஊசியிலை மரம், ஒரு கரடி என்று தொடங்கிவிடுவார்கள். இராஜபாளையத்தில் வெண்பனி விழக் கண்டவர் யார்? அது நாட்காட்டிப் படங்களின் குளிர்காலம். நம் நாட்டுக் குளிர்காலத்தை அறிய, கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்திலுள்ள சைபீரியக் கொக்கின் ஓவியத்தைப் பாருங்கள். ஜஹாங்கீரின் அவை ஓவியர் உஸ்தாத் மன்சூர் ஏறத்தாழ 1625-இல் தீட்டியது அது. (நம் வயல்களில் நிற்கும் வெள்ளைக் கொக்கு வேறு, இது ஏறக்குறைய நாலரை அடி உயரமுள்ள, வேறு குடும்பப் பறவை.)

படத்தில் பனியும் இல்லை, உறைந்த நீரும் இல்லை. அப்படியானால் குளிர்காலம் எங்கே? அந்தப் பறவைதான் குளிர்காலம். கோடையில் சைபீரியச் சதுப்புகளில் குஞ்சு பொரித்து, சுமார் 5,000 கிலோமீட்டர் பறந்து அது இந்தியாவுக்கு வந்தது. கூந்தன்குளத்தில் வரித்தலை வாத்தைக் கண்டவர்களுக்கு இது வியப்பாயிராது. குளிர் தாங்காமல் வந்ததென்று எண்ணிவிடாதீர்கள். இறகுகளிடையே தங்கும் காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆனால் சதுப்பு உறைந்துவிட்டால் அலகு சேற்றை எட்டாது. கிழங்கும் வேரும் கிடைக்கா. அதைத் துரத்தியது பசியே.

மன்சூரின் கண் கூர்மையானது. இறகற்ற தோலின் சுருக்கங்கள், பின்விரலின் நகம் எதையும் அவர் விடவில்லை. ருஷ்ய நாட்டில் ஆய்வு செய்த பல்லாஸ் இப்பறவையை அறிவியல் முறைப்படி விவரித்தது 1773-இல்தான்.

ஒரு குறையும் உண்டு. பறவை தனியே நிற்கிறது. இதில் தனிமையின் சோகத்தைக் காண்பவர்கள் இருக்கலாம். அந்த விளக்கம் எனக்கு ஏற்புடையதன்று. குளிர்காலத்தில் இக்கொக்குகள் பெரும்பாலும் இணையாக, பழுப்பேறிய குஞ்சு ஒன்றுடன் மேயும். படத்தில் இணையுமில்லை, குஞ்சுமில்லை. அவைக்குக் கொண்டுவரப்பட்ட ஒற்றைப் பறவையைப் பார்த்து வரைந்தார் என்று கொள்வதே பொருத்தம். எனவே உருவத்துக்கு இப்படத்தை முழுதும் நம்பலாம். வாழ்க்கை முறைக்கு இது சாட்சியாகாது.

அந்த வாழ்க்கையை நேரில் கண்டு ஒப்பிட பரத்பூர் இருந்தது. 2002-க்குப் பின் அங்கே ஒரு சைபீரியக் கொக்கும் வரவில்லை. வலசைப் பாதையில் நடந்த வேட்டை முக்கியக் காரணம். அவ்வினத்தின் கிழக்குக் கூட்டம் மட்டும் சீனாவின் போயாங் ஏரிக்கு இன்றும் குளிர்காலந்தோறும் வருகிறது.