ஒன்பதுக்கு எத்தனை கற்றாய்?

இந்த வகுப்பில் எவ்வளவு கற்றுக்கொண்டாய்? பூஜ்யத்திலிருந்து ஒன்பதுக்குள் ஒரு எண் போடு. மனசுக்குப் பிடித்த, குறையே இல்லாத ஆசிரியர் நடத்தியிருந்தால் எவ்வளவு கற்றிருப்பாய்? இன்னொரு எண் போடு. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் வருவது 'கற்றல் இழப்பு'. கேலி இல்லைங்க. ரிச்மண்ட், கோரம், மெக்ராஸ்கி என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் 1987இல் நிஜமாகவே முன்வைத்த அளவுகோல் இது. 'கம்யூனிகேஷன் எஜுகேஷன்' ஆய்விதழின் பழைய தொகுதிகளைப் புரட்டினால் இந்தக் கழித்தல் கணக்கிலிருந்து தப்பிப்பது கஷ்டம்.

1952இல் தொடங்கியபோது அந்த இதழின் பெயர் 'தி ஸ்பீச் டீச்சர்'. 1976இல் பெயர் மாறியது. தலைப்பிலிருந்த வாத்தியார் இறங்கிப்போக, ஒரு துறை வந்து உட்கார்ந்தது.

எண்பதுகளில் அந்தத் துறையின் செல்லப்பிள்ளை 'அண்மை'. ஆசிரியர் சிரிக்கிறாரா, கண்ணைப் பார்த்துப் பேசுகிறாரா, மேசைக்குப் பின்னால் நிற்காமல் வகுப்புக்குள் நடக்கிறாரா? கோரம் 1988இல் இதே இதழில் வாய்ச்சொல்லையும் சேர்த்தார்: பெயர் சொல்லிக் கூப்பிடுவது, ஜோக் அடிப்பது, வகுப்புக்கு வெளியே நின்று பேசுவது. இதையெல்லாம் செய்பவரிடம் மாணவர்கள் அதிகம் கற்கிறார்கள் என்பது முடிவு.

கற்றார்கள் என்று யார் சொன்னது? மாணவர்களேதான். ஆசிரியரின் சிரிப்புக்கு மதிப்பெண் போட்ட அதே பேனா, அதே உட்காரலில் கற்றலுக்கும் போடுகிறது. பிடித்த வாத்தியாருக்கு இரண்டு இடத்திலும் கை தாராளமாகத்தானே போகும்? அவர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. கணக்கு வகுப்பையும் வரலாற்று வகுப்பையும் ஒரே பரீட்சையால் அளக்க முடியாது, பொதுவான ஒரு கேள்வி வேண்டியிருந்தது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்கு முன்பே, 1973இல், 'டாக்டர் ஃபாக்ஸ்' ஆய்வு வெளிவந்துவிட்டது. ஒரு நடிகரைப் பேராசிரியர் என்று அறிமுகப்படுத்தி, அர்த்தமே இல்லாத உரையை உற்சாகமாகப் பேசவிட்டார்கள். கேட்டவர்கள் எல்லோரும் படித்த மனிதர்கள். உரைக்கு நல்ல மதிப்பெண்தான் விழுந்தது!

வேறு வழியே இல்லை என்றும் சொல்ல முடியாது. அதே 1988இல், அதே இதழில், கெல்லியும் கோரமும் கேட்டவர்களுக்கு எவ்வளவு நினைவில் நின்றது என்று நேரடியாகச் சோதித்தார்கள். அதிலும் அண்மைக்குச் சாதகமான பதிலே வந்தது. அந்தச் சின்னக் கட்டுரையை, கழித்தல் கணக்குகள் எல்லாவற்றையும்விட நான் நம்புவேன்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. பேசப் பயப்படும் மனிதர்களைப் புரிந்துகொள்ள 24 வாக்கியங்கள் கொண்ட புகழ்பெற்ற வினாத்தாளைத் தயாரித்தவரும் இதே மெக்ராஸ்கிதான். பயத்தை அவ்வளவு கரிசனத்தோடு அளந்தவர். அதை நிரப்பிய கூச்சக்காரப் பிள்ளை ஒருவர் பிற்பாடு வாத்தியாராகி, யார் கண்ணையும் பார்க்காமல், கரும்பலகையைப் பார்த்தபடியே அருமையாகப் பாடம் நடத்துகிறார் என்று வையுங்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மாணவர் போடும் மதிப்பெண் வேலை நிரந்தரம்வரை போகும். அவருக்கு ஒன்பதுக்கு எத்தனை விழும்?