சட்ட மருத்துவப் பாடம்: திரும்பி வந்த பழைய பிழை

நான் டாக்டர் இல்லைங்க, கோட் எழுதுறவன். ஆனா எங்க பெருந்துறை மருத்துவக் கல்லூரியைத் தாண்டிப் போறப்பல்லாம் ஒரு கேள்வி வரும்: சட்ட மருத்துவம்னு உள்ளே என்ன சொல்லித் தர்றாங்க?

தன்பாலின உறவு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சொன்னது. 2021இல் சுஷ்மா வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் மருத்துவப் பாடத்தைக் கேள்விக்குள்ளாக்கினார். 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் பாடத்தைத் திருத்தியது. 2024 ஆகஸ்ட் இறுதியில் வந்த புதிய பாடத்திட்டத்திலோ, பெண்களின் தன்பாலின உறவு மறுபடி பாலியல் குற்றப் பட்டியலில்! கன்னித்தன்மைப் பாடமும் கூடவே. எதிர்ப்பு கிளம்ப, செப்டம்பர் 5 அன்று வாபஸ்.

எங்க தொழிலில் இதுக்குப் பேர் ரெக்ரஷன். பழைய கோப்பை எடுத்து, சோதிக்காம வெளியிட்டா, சரிசெய்த பிழை திரும்ப வரும். இங்கேயும் அப்படித்தான் தோணுது.

சின்ன விஷயம் இல்லை. பாதிக்கப்பட்ட பெண்ணை அரசு ஆஸ்பத்திரியில் பரிசோதிப்பவர் பல நேரம் நிபுணர் அல்ல, எம்.பி.பி.எஸ். முடித்த டியூட்டி டாக்டர். அவர் எழுதும் சான்றிதழ்தான் கோர்ட்டுக்குப் போகுது. பாடத்தில் உள்ள பிழை அங்கே சாட்சியமாகிடும்.

ஒவ்வொரு பதிப்பையும் தீர்ப்புகளோடு ஒப்பிட்டுப் பார்த்துட்டு வெளியிடுங்க. அவ்வளவுதான் கேட்கிறேன்.