வண்ண அட்டையை வாசித்தல்

ரவாங்வாசிகளுக்குப் புதுக் கார் உள்ளூர்ச் சரக்கு. 1994-இல் கஞ்சிலோடு தொடங்கிய பெரோடுவாவின் தொழிற்சாலை இங்கே சுங்கை சோவில்தான் இருக்கிறது. அவர்களுடைய மைவியின் வண்ண அட்டையை ஒரு கவிதைத் தொகுப்பு மாதிரி வாசித்துப் பாருங்கள். ஐவரி வொயிட், கிளிட்டரிங் சில்வர், கிரானைட் கிரே. பேரில் தந்தம், மினுமினுப்பு, கருங்கல் எல்லாம் உண்டு. கண்ணில் படுவது வெள்ளை, வெள்ளி, சாம்பல். நிறம் வற்ற வற்ற அடைமொழி ஊறுகிறது. நம்முடைய கவிதைகள் சிலவற்றுக்கும் இந்த வியாதி உண்டு, அதை இன்னொரு நாள் பேசலாம்.

2017 மைவியில் பெப்பர்மின்ட் கிரீன் என்று ஒரு வெளிர்பச்சை வந்தது. 2021-இல் வண்டிக்கு முகம் மாற்றியபோது அதைக் காணோம். சிவப்பும் நீலமும் இருக்கு, இல்லேன்னு சொல்லல. ஆனால் உலகம் முழுக்கவே புதுக் கார்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு வெள்ளை, கறுப்பு, சாம்பல், வெள்ளிதான்.

கம்பெனியை மட்டும் திட்டிப் பிரயோஜனமில்லை. “கலரு வாங்குனா விக்கிறப்ப வில போகாதுடா” என்றார் அம்மா. 9 வருஷம் லோன் கட்டப்போவது நான். நிறத்தைத் தேர்ந்தெடுத்தது, அதற்கப்புறம் வாங்கப்போகிற முகம் தெரியாத யாரோ. இதே அம்மாதான் தீபாவளிக்கு மயில்கழுத்தா, கிளிப்பச்சையா, கத்தரிப்பூவா என்று புடவைக் கடையில் இரண்டு மணி நேரம் நிற்பவர். அங்கே மறுவிற்பனை பற்றிப் பேச்சே வராது.

சாம்பல்தான் வாங்கினோம். போன வாரம் பேரங்காடியில் யாருடைய காரையோ என்னுடையது என்று நினைத்துக் கதவை இழுத்துக்கொண்டிருந்தேன். உள்ளே ஆள் இருந்தார்.