தலைமுறைக் கணக்கும் உடைமைக் கணக்கும்

கொன்சோல் எனப்படும் வீடியோ விளையாட்டுப் பெட்டி சிறந்ததா, கணினி சிறந்ததா என்று வாதிடுவோர் 'தலைமுறை' என்னும் அளவுகோலையே கையில் எடுக்கின்றனர். எந்த ஆண்டில் எந்தச் சில்லு, எத்தனை மடங்கு வேகம், கொடுத்த காசுக்கு எவ்வளவு காட்சி என்பனவே அவர்தம் கணக்கு. யாழ்ப்பாணத்தில் நின்று பார்க்கையில் இக்கணக்கு நமக்கு நிறைவளிப்பதாயில்லை.

1990 நவம்பரில் ஜப்பானில் சூப்பர் ஃபமிகொம் வெளிவந்தபோது குடாநாட்டில் மின்சாரம் இல்லை. 1994 டிசெம்பரில் பிளேஸ்டேசன் வந்தபோதும் இல்லை. மின்கலங்கள்கூடத் தடைசெய்யப்பட்ட பண்டங்களாயிருந்தன. சைக்கிள் டைனமோவைச் சுழற்றியே நம் மக்கள் வானொலிச் செய்தி கேட்டனர். உலகம் ஒரு தலைமுறை முடிந்து மறுதலைமுறை தொடங்கியதாக எண்ணிய ஆண்டுகள் நமக்கு மண்ணெண்ணெய் விளக்கின் ஒரே காலம். 2002 இல் ஏ-9 பாதை திறந்த பின்னர் லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் வந்த உறவினரின் பெட்டிகளில் பழையனவும் புதியனவும் கலந்தே வந்திறங்கின.

கொன்சோலின் சிறப்பை நாம் மறுக்கவில்லை. தொலைக்காட்சியோடு இணைத்தவுடன் அது இயங்கும்; ஆறேழு ஆண்டுகள் அதே சில்லை வைத்துக்கொண்டே நிரலாளர் புதுப்புது வித்தை காட்டுவர். கணினி வைத்திருப்பவரோ வரைகலை அட்டைக்கு மீண்டும் மீண்டும் பணம் இறைக்க நேரும். பிள்ளைகளின் மகிழ்ச்சியை முதலாளித்துவச் சதியென்று முகஞ்சுளிக்கும் கூட்டத்தில் நாம் இல்லை.

ஆனால் 2013 இல் வந்த பிளேஸ்டேசன் 4 இன் உள்ளே இருப்பது ஏ.எம்.டி. நிறுவனத்தின் சில்லு, கணினிச் சில்லுக்கு உடன்பிறப்பு. 2020 இன் பிளேஸ்டேசன் 5 உம் அவ்வாறே. உறுப்புகள் ஒன்றாகிவிட்ட பின் எஞ்சும் வேறுபாடு யாது? பூட்டு ஒன்றே. 1985 இல் அமெரிக்காவில் நின்டெண்டோ விற்ற பெட்டியிலேயே, உரிமம் பெறாதார் செய்த விளையாட்டை இயங்கவிடாத பூட்டுச் சில்லு இருந்தது. பெட்டியை மலிவாக விற்று விளையாட்டுகளில் இலாபம் அறுவடை செய்யும் வணிகத்துக்குப் பூட்டு இன்றியமையாதது. 2006 இல் வெளிவந்த பிளேஸ்டேசன் 3 இல் லினக்ஸை நிறுவ இடமிருந்தது. 2010 ஏப்பிரலில் ஒரு மென்பொருள் மாற்றத்தால் சோனி அதனை நீக்கியது. ஏற்க மறுத்தவருக்கு இணைய விளையாட்டு இல்லை. பொருள் வாங்கியவரின் வீட்டிலிருந்தது. உடைமை தோக்கியோவில் இருந்தது.

யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்ட 1981 ஆம் ஆண்டிலேயே ஐ.பி.எம். தனது தனியாள் கணினியை வெளியிட்டது. அதன் சுற்றமைப்பு விவரங்கள் அச்சில் வந்தமையால் பிறரும் அதுபோல் செய்தனர், விலை இறங்கிற்று. 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் மின்வடிவில் திரட்டியது அவ்வழிவந்த கணினிகளின் துணையால்தான். அக்காலத்துக் கொன்சோலின் வேகம் இப்பணிக்குத் தாராளமாய்ப் போதும். ஆயினும் அது விற்றவர் அனுமதித்த வேலையையே செய்யும்.

கணினியும் இன்று பழைய கணினியாயில்லை. மடிக்கணினிகள் பலவற்றில் நினைவகத்தைப் பலகையோடு பற்றவைத்தே விற்கின்றனர். பழுதுபார்க்கும் கடைக்காரர் திருகாணிகளைக் கழற்றிப் பார்த்துவிட்டு, மாற்றுவதற்கு எதுவுமில்லை என்று மீண்டும் மூடித் தருகிறார்.