முந்திக்கொள்ளும் ஒயில்

அலுவிகாரையில் ஓலைச்சுவடி எழுதிக் காட்டுகிறவர் எழுத்தாணியால் கீறிவிட்டு, கரியும் எண்ணெயும் தேய்ப்பார். எழுத்து அப்போதுதான் கண்ணில் படும். விகாரைக்கு அருகே ஓடும் ஏ9 வீதியில் எண்ணெய்க்கு வேறு வேலை.

காரில் ஒயில் பம்பைச் சுற்றுவதே இஞ்சின்தான். ஆகவே நெடுநாள் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்தால், முதல் சில சுற்றுகளுக்குப் பேரிங்குகளில் மிஞ்சிய மெல்லிய படலமே துணை. நுவரெலியாவின் மககஸ்தோட்ட மலையேற்றப் பந்தயம் போன்றவற்றில் இன்னொரு வில்லங்கம்: கடும் வளைவில் ஒயில் சம்ப்பின் ஒரு பக்கமாய் ஒதுங்க, உறிஞ்சுகுழாய் காற்றைக் குடித்துவிடும்.

இரண்டுக்கும் மருந்து அக்யூசம்ப் என்னும் ஓர் உருளை. உள்ளே பிஸ்டன், ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் ஒயில். இஞ்சின் ஓடும்போது ஒயில் புகுந்து காற்றை அமுக்கும். ஒயில் அழுத்தம் விழுந்த கணமே காற்று அதைத் திருப்பித் தள்ளும். அந்தத் தள்ளலுக்கு மின்சாரமும் வேண்டாம், கணினியும் வேண்டாம் என்பதுதான் இதன் அழகு. நிறுத்துமுன் உருளையின் வால்வை மூடிவைத்தால், மறுமுறை ஸ்டார்ட் செய்யுமுன் திறந்து பேரிங்குகளை நனைக்கலாம்.

அக்யூசம்ப் ஏறத்தாழ 1, 2, 3 லீற்றர் அளவுகளில் கிடைக்கிறது. இடமிருந்தால் பெரியதே நல்லது. நீண்ட வளைவில் சின்னது சீக்கிரம் காலியாகும். கைவால்வு மலிவு, மறதிக்காரருக்கு மின்வால்வு. ஒயில் பம்பை நோக்கித் திரும்பாமல் தடுக்கும் ஒருவழி வால்வில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.