கைதட்டியவனின் கணக்கு

2022 பெப்ரவரியில் ஒன்ராறியோ மாகாணப் பாராளுமன்றம் தனது உறுப்பினர் ஒருவரின் வாயைக் கட்டியபோது கைதட்டியவர்களில் நானும் ஒருவன். இதை ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் மற்றதை எழுதவேண்டும்.

அந்த உறுப்பினர் ரண்டி ஹிலியர். 2019இல் ஆளும் முற்போக்குப் பழமைவாதக் கட்சியின் குழுவிலிருந்து வெளியேற்றப்பட்டுச் சுயேச்சையாக இருந்தவர். மத்திய போக்குவரத்து அமைச்சராக அப்போதிருந்த ஒமார் அல்காப்றாவைப் பயங்கரவாதத்துடன் முடிச்சுப்போட்டுச் சமூக வலைத்தளத்தில் எழுதினார். அராபியப் பெயர் கொண்ட ஒருவர்மீது அந்தச் சொல்லை எறிவது எவ்வளவு மலிவான வேலை என்பதை எமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அதே சொல்லால் எறிபட்டு வந்தவர்கள் நாம். மன்னிப்புக் கேட்கும்வரை சபாநாயகர் அவரைப் பேச அழைக்கத் தேவையில்லை என்று அரசாங்கம் கொண்டுவந்த தீர்மானத்துக்கு எதிர்க்கட்சிகளும் உடன்பட்டன. நல்ல வேலை என்றேன்.

இருபது மாதங்கள் கழிந்தன. 2023 ஒக்ரோபர் 23இல் அதே மண்டபத்தில், அதே வகைத் தீர்மானம். இம்முறை அகப்பட்டவர் ஹமில்ரன் மத்திய தொகுதியின் சாரா ஜாமா. காசா குறித்து, போர்நிறுத்தம் கோரி அவர் வெளியிட்ட அறிக்கையே குற்றம். தீர்மானம் 63க்கு 23 என்ற வாக்குகளால் நிறைவேறியது. அவருடைய புதிய சனநாயகக் கட்சி தீர்மானத்தை எதிர்த்து வாக்களித்தது. ஆனால் அதே நாளில் கட்சித் தலைவி மரிற் ஸ்ரைல்ஸ் அவரைத் தமது குழுவிலிருந்து நீக்கினார்.

ஜாமாவின் முதல் அறிக்கையில் எனக்கும் குறைபாடு தெரிந்தது. ஒக்ரோபர் 7இல் கொல்லப்பட்ட இஸ்ரேலியப் பொதுமக்களைப் பற்றி அதில் ஒரு சொல் இருந்திருக்க வேண்டும். எங்கள் தரப்பின் பிணங்களை மட்டும் எண்ணும் அரசியலின் விலையை ஈழத்தவர் அறிவர். மறுநாள் அவர் மனம் நொந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டு, ஹமாஸின் கொலைகளைக் கண்டித்தார். ஆயினும் அறிக்கையை அழிக்க மறுத்தார். சபை கேட்டது அழிப்பையும், சபைக்குள் எழுந்து நின்று கேட்கும் மன்னிப்பையும்.

இங்கேதான் என் விமர்சனம் தொடங்குகிறது. ஹிலியர் சொன்னதும் ஜாமா சொன்னதும் ஒன்றல்ல. ஆனால் இருவருக்கும் செய்யப்பட்டது ஒன்று. சபை ஒழுங்கு என்பது சபைக்குள் எப்படிப் பேசுவது, எப்படி நடப்பது என்பது பற்றியது. இருவரின் 'குற்றமும்' சபைக்கு வெளியே எழுதப்பட்டது. அவதூறென்றால் நீதிமன்றம் உண்டு. வெறுப்புப் பேச்சென்றால் குற்றவியல் சட்டம் உண்டு. அங்கே எதிரிக்கு வாதாட இடமுண்டு. இங்கேயோ குற்றஞ்சாட்டியவரும், தீர்ப்பளித்தவரும், தண்டனையை நிறைவேற்றியவரும் ஒரே பெரும்பான்மை. தண்டனைக்கு முடிவுத் தேதியும் இல்லை. 2025 ஜனவரியில் சபை கலைக்கப்படும்வரை, பதினைந்து மாதங்கள், ஜாமா வாக்களிக்கலாம். பேச எழுந்தால் சபாநாயகரின் கண்ணில் படமாட்டார். இதனால் ஊமையானது ஜாமா மட்டுமா? அவரைத் தெரிவுசெய்த ஒரு தொகுதி முழுவதும்தான்.

சபாநாயகரின் சாதாரண அதிகாரத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். 2024 ஏப்ரலில் சபாநாயகர் ரெட் ஆர்னொற் பாலஸ்தீனச் சால்வையான கெஃபியேயைத் தடைசெய்தார். அது அரசியற் சின்னம் என்பது அவரது வாதம். அந்தத் தீர்ப்பு பிழையென்றே நான் நினைக்கிறேன். ஆனால் தடையை நீக்கும்படி கேட்டவர்களுள் முதல்வர் டக் ஃபோர்ட்டும் ஒருவர். சபாநாயகர் தம் கட்சியின் தலைவருக்கும் வளையவில்லை. சபை ஏகமனதாகச் சம்மதித்தால் மட்டுமே அனுமதிக்கலாம் என்றார். அந்தச் சம்மதத்தை மறுத்தவை ஆளுங்கட்சி ஆசனங்களிலிருந்து எழுந்த சில குரல்கள். ஏப்ரல் 25இல் சால்வையோடு அமர்ந்திருந்த ஜாமாவை அவர் வெளியேறச் சொன்னார். அந்தத் தண்டனையின் ஆயுள் ஒரு நாள். பிழையான நடுவர் ஒருவருக்கும், ஆட்டக்காரரே விசிலைப் பறித்து ஊதுவதற்கும் உள்ள வேறுபாடு இது.

நடுவரின் கைகள் சுத்தமாக இருப்பதும் முக்கியம். 2024 ஏப்ரல் 30இல் ஒட்டாவாவில், பிரதமர் ட்ரூடோவைப் பைத்தியக்காரர் என்ற பொருள்படும் சொல்லால் ஏசியதற்காக எதிர்க்கட்சித் தலைவர் பொலியேவ் அன்றைய அமர்விலிருந்து வெளியேற்றப்பட்டார். அதே நாளில் ட்ரூடோ அவரை முதுகெலும்பில்லாதவர் என்றார். சொல்லை மாற்றச் சந்தர்ப்பம் கொடுக்கப்பட்டது, மாற்றினார். பொலியேவுக்கும் அந்தச் சந்தர்ப்பம் கிடைத்தது. அவர் நிபந்தனையின்றி மீளப்பெறவில்லை. தீர்ப்பு சரியாக இருந்திருக்கலாம். ஆனால் சபாநாயகர் ஃபேர்கஸ், 2023 டிசம்பரில் தமது பதவி உடையோடு லிபரல் கட்சி நிகழ்வொன்றுக்கு வாழ்த்து வீடியோ அனுப்பி, 1,500 டொலர் செலுத்தவேண்டி வந்தவர். அவர் சொன்ன நியாயத்தை எத்தனை பேர் நம்பினார்கள்?

இந்த நகரத்துக்கு இது புதிய கதையுமல்ல. ரொறன்ரோ இன்னும் யோர்க் என்று அழைக்கப்பட்ட காலத்தில், 1831 டிசம்பரில், வில்லியம் லயன் மக்கென்ஸி தமது பத்திரிகையில் சபையைத் தாக்கி எழுதியதற்காக மேல் கனடாச் சபையிலிருந்து விலக்கப்பட்டார். வாக்காளர்கள் அடுத்த மாதமே அவரைத் திருப்பி அனுப்பினார்கள். சபை மறுபடியும் விலக்கியது. அவர்கள் மறுபடியும் அனுப்பினார்கள். 1834இல் அவர் ரொறன்ரோவின் முதல் மேயரானார். பொண்ட் வீதியில் அவர் வாழ்ந்த வீடு இன்று அரும்பொருளகம். விலக்கிய பெரும்பான்மையினரின் பெயர்களை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

எமக்கு நெருக்கமான உதாரணம் கொழும்பில் இருக்கிறது. யாழ். நூலகம் எரிந்த அதே 1981இல், யூலை மாதம், ஆறில் ஐந்து பங்கு ஆசனங்களை வைத்திருந்த ஐக்கிய தேசியக் கட்சியின் உறுப்பினர்கள் எதிர்க்கட்சித் தலைவர் அ. அமிர்தலிங்கம்மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார்கள். அரசாங்கத்தின்மீது கொண்டுவரவேண்டிய தீர்மானத்தை எதிர்க்கட்சித் தலைவர்மீது! இரு கமுகுகளை வளைத்துக் காலுக்கொன்றாகக் கட்டி அறுத்துவிடும் பழைய தண்டனை பற்றி அந்த விவாதத்திற் பேசப்பட்டது. காலிமுகத்திடலில் நிறுத்திச் சுடுவது பற்றியும் பேசப்பட்டது. அதெல்லாம் கன்சார்ட்டில் ஏறியது. கண்டிக்கப்பட்டவரோ அமிர்தலிங்கம். 1983 ஓகஸ்டில் ஆறாவது திருத்தம் வந்தது. அந்தச் சத்தியப்பிரமாணத்தை எடுக்க மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணியினர் ஆசனங்களை இழந்தார்கள்.

குயின்ஸ் பார்க்கையும் கொழும்பையும் நான் ஒரே தராசில் வைக்கவில்லை. இங்கே எவரும் எவரையும் கமுகில் கட்டச் சொல்லவில்லை. கட்சிக் குழுவிலிருந்து நீக்கப்பட்ட பின்னும் ஜாமா 2025 தேர்தலில் சுயேச்சையாக நின்று, தோற்று, வீடு திரும்ப முடிந்தது. ஆனால் பெரும்பான்மை தன் எதிரியைத் தானே விசாரித்துத் தண்டிக்கலாம் என்ற தத்துவம் இரண்டிலும் ஒன்றுதான். 1689இல் இங்கிலாந்தில் சபைக்குச் சிறப்புரிமை வகுத்தது, அரசனிடமிருந்து உறுப்பினரின் பேச்சைக் காப்பதற்காக. அதே சிறப்புரிமை இன்று உறுப்பினரைச் சபையே ஊமையாக்குவதற்குக் கேடயமாகிறது. உள்விவகாரம் என்று நீதிமன்றங்களும் ஒதுங்கி நிற்கப் பார்க்கின்றன.

ஒழுங்கு வேண்டாம் என்பதல்ல என் வாதம். தண்டிப்பது நடுவராக இருக்கட்டும்; சபைக்குள் நடந்ததற்காக இருக்கட்டும்; முடிவுத் தேதியோடு இருக்கட்டும். இவற்றுக்கு மேலே ஒரு பரீட்சை: எனக்குப் பிடிக்காதவன்மீது இதே விதி பாயும்போது நான் எழுந்து ஆட்சேபிப்பேனா? 2022இல் அந்தப் பரீட்சையில் நான் தோற்றேன். ஹிலியருக்காகச் செய்யப்பட்ட பூட்டு ஜாமாவின் வாய்க்கும் பொருந்தியதில் வியப்பென்ன?

சில வருடங்களுக்கு முன் ஸ்காபரோவில் எம்மவர் கூட்டமொன்றில், கணக்குக் கேட்ட ஒருவரின் ஒலிவாங்கியைத் தலைமை மேசையிலிருந்து நிறுத்தினார்கள். அவர் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. மண்டபம் கைதட்டியது. அன்றும் என் கைகள் சும்மா இருக்கவில்லை.